கொரிய உணவு எதைச் செய்தாலும் ஒரே சிவப்பாக, ஒரே தித்திப்பாக வருவது ஏன்?

கேள்வியின் சாரம் இது: கொரிய உணவுகளைச் சில மாதங்களாக வீட்டில் சமைத்துப் பார்க்கிறீர்கள், கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டு கோழி, காய்கறி, நூடுல்ஸ் என்று எதைச் செய்தாலும், தித்திப்பும் காரமும் கலந்த ஒரே சிவப்புச் சாறாகவே முடிகிறது. எந்த உணவுகளில் தொடங்குவது, எந்தப் பொருள்களை வாங்குவது, எதற்கு எதை மாற்றாகக் கொள்ளலாம், மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் புழங்காத வீட்டிலும் சைவ வீட்டிலும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சமையலைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொச்சுஜாங்கைக் கொரியச் சமையலின் அடித்தளமாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். அந்த நாட்டில் பரவலாக உண்ணப்படும் புல்கோகி (ஊறவைத்துச் சமைக்கும் மெல்லிய இறைச்சி), ஜாப்ச்சே (நூடுல்ஸ்), தொயென்ஜாங் ஜிகே (ஜிகே என்றால் குழம்பு), சம்கியேதாங் (முழுக் கோழிச் சாறு), ஆந்தோங் ஊரின் ஜிம்தாக் (கோழிக் குழம்பு) ஆகிய எதிலும் வழக்கமாக அந்த விழுது சேர்வதில்லை. கிம்ச்சி ஜிகேயின் சிவப்பும் பெரும்பாலும் கிம்ச்சி என்ற, மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸிலிருந்தும் மிளகாய்த்தூளிலிருந்தும் வருவதுதான். நம் சமையலில் புளி எப்படியோ அப்படி, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு மட்டும் சேர வேண்டிய பொருள் அது. சுவையைத் தாங்கி நிற்பவை சோயா பயற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் வேறு இரண்டு பொருள்கள்: தொயென்ஜாங் என்ற விழுது, கான்ஜாங் என்ற சோயா சாறு.

மரபு முறையில் இவ்விரண்டும் ஒரே பானையில் பிறப்பவை. சோயா பயற்றை வேகவைத்து இடித்து, செங்கல் அளவுக் கட்டிகளாகப் பிடித்து, வைக்கோல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிரிகள் அதில் குடியேறி, பயற்றின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கத் தொடங்கும். மேஜு எனப்படும் இந்தக் கட்டிகளைப் பிறகு மண் பானையில் உப்புநீர் ஊற்றி ஊறவைத்து, இரண்டு மாதம் போல் கழித்துப் பிரித்தால், நீர் கான்ஜாங் ஆகிறது. தங்கிய கட்டி தொயென்ஜாங் ஆகிறது. இரண்டும் அதன் பின்னும் மாதக்கணக்கில் முதிர்கின்றன. ஜாங் என்ற பொதுப்பெயர் கொண்ட இந்தப் பொருள்களின் தயாரிப்பு மரபை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கொச்சுஜாங் இந்தக் குடும்பத்தின் இளையவள்: மேஜுப் பொடியோடு மிளகாய்த்தூள், பசையரிசி மாவு, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவற்றைக் கலந்து புளிக்கவைப்பது. பார்லி முளையில் உள்ள நொதி அரிசியின் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதால் அது இயல்பிலேயே இனிக்கும். கடையில் விற்கும் டப்பாக்களில் அதற்கு மேல் சர்க்கரைப் பாகும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட விழுதை நான்கு கரண்டி போட்டு, செய்முறை சொல்கிறதே என்று மேலும் இரண்டு கரண்டி சர்க்கரையையும் கொட்டினால், தித்திக்காமல் வேறென்ன செய்யும்?

ஆகவே முதலில் வாங்க வேண்டியது தொயென்ஜாங். அதற்கு மாற்றுப் பொருள் கிடையாது; ஜப்பானிய மிசோ நெருங்கி வரும், ஆனால் அது மென்மையானது, இனிப்பானது, தொயென்ஜாங்கின் முரட்டு மணம் அதில் இராது. அடுத்து யாங்ஜோ கான்ஜாங், அதாவது இயற்கையாகப் புளித்த சோயா சாறு. அது கிடைக்காவிட்டால் ஜப்பானிய சோயா சாறு போதும். நம் ஊர்க் கடைகளில் ஃபிரைடு ரைஸுக்கென்று விற்கும் கரிய, கெட்டியான சோயா சாற்றை மட்டும் எடுக்காதீர்கள். அது நிறத்தையும் கருகல் இனிப்பையும் தருமே ஒழிய, உப்பையும் மணத்தையும் சரியான விகிதத்தில் தராது. மூன்றாவது கொச்சுகாரு என்ற மிளகாய்த்தூள், நான்காவது வறுத்த எள்ளின் எண்ணெய், கடைசியாகத்தான் கொச்சுஜாங். 1990-களின் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய் ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் சென்னையில் வசித்துவருவதால், அங்கே கொரிய மளிகைக் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கும். மற்ற ஊர்களில் இணையவழியே வரவழைக்கலாம். திறந்த ஜாங் டப்பாக்களைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கொச்சுகாருவை உறைபெட்டியில் வைத்தால்தான் நிறம் மங்காமல் இருக்கும்.

கொச்சுகாரு பற்றி ஒரு வார்த்தை. விதைகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டுக் கொரகொரப்பாக அரைத்த தூள் அது. நிறம் மிகுதி, காரம் மிதம், லேசான பழ இனிப்பு. குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவுக்குப் போட்டால் ஒருவராலும் சாப்பிட முடியாது. காஷ்மீரி மிளகாயையோ பியாதகி மிளகாயையோ விதை உதிர்த்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, மிக்சியில் விட்டுவிட்டு அடித்து ரவை பதத்தில் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். மிளகாய் அங்கேயும் வந்தேறிதான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1614-இல் எழுதப்பட்ட ஒரு கொரியக் கலைக்களஞ்சியம், ஜப்பானிலிருந்து வந்த பொருள் என்பதால் அதை ‘ஜப்பானியக் கடுகு’ என்று குறிப்பிடுகிறது. சிவந்த கிம்ச்சி வழக்கத்துக்கு வந்தது அதற்கும் பின்னால். தமிழ்நாட்டிலும் போர்த்துக்கீசியர் வரவுக்கு முன் மிளகாய் இல்லை என்பதால் இந்த விஷயத்தில் நாம் அவர்களைக் கேலி செய்ய முடியாது.

எண்ணெயில்தான் தமிழ்ச் சமையல்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு செக்கில் ஆட்டி எடுப்பது. கொரியாவின் சம்கிரும் எள்ளை நன்கு வறுத்த பின் பிழிவது. இரண்டும் எள்ளெண்ணெய்தான் என்றாலும் மணத்தில் உறவே இல்லை. சம்கிரும் கிடைக்காதபோது நல்லெண்ணெய் ஊற்றுவதைக் காட்டிலும், வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து உரலில் பாதி நுணுக்கி, இறக்கும்போது ஒரு கரண்டி தூவுவது எவ்வளவோ மேல். கிடைத்தால், அதைப் பெரும்பாலும் அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள். அதிக சூட்டில் அதன் மணம் பறந்துவிடும். நமக்குக் கடாயில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்த பிறகுதான் சமையல் தொடங்கியதாகத் தோன்றும். இங்கே அந்தப் பழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்.

சோற்றைப் பற்றிச் சொல்லாமல் முதன்மை உணவைப் பற்றிப் பேச முடியாது, ஏனென்றால் கொரியப் பந்தியில் முதன்மை உணவே சோறுதான். பாப் என்ற சொல் சோற்றையும் குறிக்கும், சாப்பாட்டையும் குறிக்கும். நாம் முதன்மை உணவு என்று எண்ணும் புல்கோகியும் ஜிகேயும் அந்தச் சோற்றுக்குத் துணையாக வருபவை, அதனால் தனியே சுவைத்தால் சற்று உப்பும் உறைப்பும் தூக்கலாகவே இருக்கும். அவர்களுடைய அரிசி குட்டையானது, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டுவது. புழுங்கலரிசியும் பாசுமதியும் உதிரியாக நிற்பதால் பொருந்துவதில்லை. ஜப்பானிய சுஷி அரிசி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் புதுப் பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் குழைவாக, வடிக்காமல் பொங்கி எடுங்கள். சுஷி அரிசி என்றால் ஊறிய பின் ஒரு பங்குக்கு ஒன்றேகால் பங்குக்கும் குறைவான நீர், மூடியபடி பதினைந்து நிமிடம் வேகல், அணைத்த பின் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் புழுக்கம் என்பது கணக்கு.

அரிசி களைந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். முதல் நீரைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டாம் முறை களைந்த நீரை எடுத்து ஜிகேக்கு ஊற்றுவது கொரிய வீடுகளின் வழக்கம்; அதில் கரைந்துள்ள மாச்சத்து சாற்றுக்கு ஒரு மெல்லிய கனத்தைத் தருவதோடு, விழுது அடியில் படியாமலும் காக்கிறது. வத்தக்குழம்புக்குக் கழுநீரில் புளி கரைக்கும் நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்னும் ஆழமான சாறு வேண்டுமென்றால் காய்ந்த நெத்திலியும் தாஷிமா எனும் கடற்பாசியும் சேர்ந்த கொதிநீரைத் தயாரிக்க வேண்டும். பெரிய நெத்திலி பத்தைத் தலையும் வயிற்றின் கருப்புப் பகுதியும் நீக்கி, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்து வாடையைப் போக்கி, உள்ளங்கை அளவுக் கடற்பாசித் துண்டோடு ஐந்து கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவையுங்கள்; கொதி வந்ததும் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வழவழப்பும் கசப்பும் இறங்கும்; நெத்திலி மட்டும் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கலாம். கடற்பாசியில் குளுட்டாமிக் அமிலமும் நெத்திலியில் இனோசினிக் அமிலமும் உள்ளன. இவை இரண்டும் சேரும்போது, தனித்தனியே தரும் சுவையின் கூட்டுத்தொகையைவிடப் பன்மடங்கு சுவை எழும். நம் நெத்திலிக் கருவாடு இதற்குப் பொருந்தும், ஆனால் உப்பிட்டு உலர்த்தியதாக இருந்தால் கால் மணி நேரம் ஊறவைத்து அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். இனி வரும் அளவுகளில் கோப்பை என்பது கொரிய வழக்கப்படி 200 மில்லிலிட்டர்.

தொடங்க வேண்டிய உணவு தொயென்ஜாங் ஜிகே என்பதே என் உறுதியான கருத்து. காண்பதற்குப் பழுப்பாக, எளிமையாக இருப்பதால் பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். இரண்டரைக் கோப்பை நெத்திலிச் சாறிலோ கழுநீரிலோ இரண்டு மேசைக்கரண்டி தொயென்ஜாங்கைக் கரைத்து, ஒரு உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாகப் போட்டு வேகவிடுங்கள். கிழங்கு பாதி வெந்ததும் அரை வெங்காயம், சூக்கினி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், அது கொதித்ததும் டோஃபு ஒரு கட்டி, கடைசியில் வட்டமாக நறுக்கிய பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும். சூக்கினிக்குப் பதிலாகப் பிஞ்சுச் சுரைக்காய் மிக நன்றாக அமையும். மிசோவைக் கொதிக்கவிடக் கூடாது என்று படித்தவர்கள் அந்த விதியை இங்கே கொண்டுவர வேண்டாம். தொயென்ஜாங் கொதித்தால்தான் அதன் பச்சை வாடை அடங்கி மணம் திறக்கும். உப்புப் போடாமல் சுவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. மிளகாய்த்தூளே இல்லாத இந்தக் குழம்பு வாயில் பட்டதும், கொரியச் சுவை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும்.

அடுத்து கிம்ச்சி ஜிகே. இதன் வெற்றி தோல்வி முழுவதும் கிம்ச்சி எவ்வளவு புளித்திருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. புதுக் கிம்ச்சியில் செய்தால் முட்டைக்கோஸ் கூட்டில் மிளகாய் போட்டதுபோல் இருக்கும். வினிகர் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்பது வீண் முயற்சி, ஏனென்றால் கிம்ச்சியின் புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருவது, வினிகரின் கூர்மை வேறு. குளிர்பெட்டியில் மூன்று வாரமாவது இருந்து, திறந்தால் மூக்கைத் துளைக்கும் கிம்ச்சிதான் வேண்டும்; அவசரமென்றால் டப்பாவை ஒரு நாள் வெளியே வையுங்கள், நம் வெயிலுக்கு அதுவே போதும். 300 கிராம் கிம்ச்சியை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 200 கிராம் கொழுப்புள்ள பன்றி இறைச்சியை அடிகனமான பாத்திரத்தில் அதன் கொழுப்பிலேயே வதக்கி, கிம்ச்சியைச் சேர்த்து ஏழெட்டு நிமிடம் அது கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள். அவசரக்காரர்கள் தவறவிடும் கட்டம் இதுதான். பிறகு கிம்ச்சியின் சாறு கால் கோப்பை, கழுநீர் இரண்டரைக் கோப்பை, கொச்சுகாரு ஒரு மேசைக்கரண்டி, பூண்டு. மூடி, சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம். புளிப்பு மிகுந்தால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை. கடைசி ஐந்து நிமிடத்துக்கு டோஃபுத் துண்டுகள். பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் தகரத்தில் அடைத்த டூனா மீனைப் போடலாம். அது மாற்று வழியன்று, கொரியர்களே விரும்பிச் செய்யும் வகைதான். மறுநாள் சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதில் இது நம் மீன்குழம்புக்கு இணை.

கிம்ச்சியை வீட்டிலேயே போட விரும்பினால், ஒரு கிலோ சீன முட்டைக்கோஸை நறுக்கி, 70 கிராம் கல்லுப்பும் கொஞ்சம் தண்ணீரும் தெளித்து, அரை மணிக்கு ஒருமுறை புரட்டியபடி இரண்டு மணி நேரம் வையுங்கள். தண்டு முறியாமல் வளைந்தால் பதம். மூன்று முறை அலசி நன்றாக வடியவிட்டு, ஒரு கரண்டி அரிசி மாவில் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியில் ஆறு மேசைக்கரண்டி கொச்சுகாரு, மூன்று மேசைக்கரண்டி மீன் சாறு (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீனிலிருந்து எடுப்பது), பத்துப் பல் பூண்டு, சிறிது இஞ்சி, முள்ளங்கிக் கீற்று, வெங்காயத்தாள் கலந்து பிசறி, காற்று புகாமல் அழுத்தி வைத்து, ஒரு நாள் வெளியிலும் பிறகு குளிர்பெட்டியிலும் வைத்துவிடலாம். டப்பாவின் மேல் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள்; விடாதவர்கள் அலமாரியைத் துடைக்க நேரிடும்.

புல்கோகிக்கு இறைச்சியின் மெலிவுதான் முதல் நிபந்தனை. மாட்டிறைச்சியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்துச் சற்று இறுகிய பின், நாருக்குக் குறுக்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். 500 கிராமுக்கு நான்கு மேசைக்கரண்டி கான்ஜாங், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, துருவிய பேரிக்காய் கால் கோப்பை, துருவிய வெங்காயம் பாதி, பூண்டு ஒரு மேசைக்கரண்டி, மிளகு, சம்கிரும் ஒரு மேசைக்கரண்டி. ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஊறலாம். பேரிக்காய் இனிப்புக்காக மட்டும் சேர்வதில்லை; அதில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. கிவிப் பழமோ பப்பாளிக்காயோ அதைவிடப் பல மடங்கு வலிமையானவை என்பதால், அவற்றைப் போட்டால் ஒரு தேக்கரண்டியும் அரை மணி நேரமும் தாண்டக் கூடாது. தாண்டினால் இறைச்சி மாவாகிவிடும். சமைக்கும்போது சட்டி புகையும் சூட்டில் இருக்க, ஊறிய நீரை வடித்துவிட்டுக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு எடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் நீர்விட்டு வெந்துபோகும். நீர்விட்டு வேவதும் ஒரு மரபுதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்: சியோல் பாணிப் புல்கோகி சாறோடு கூடியது, ஒன்யாங், குவாங்யாங் ஊர்களின் பாணி நெருப்பில் வாட்டியது. ஆனால் வேண்டுமென்றே செய்வது வேறு, தற்செயலாக நேர்வது வேறு. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் எலும்பு நீக்கிய கோழித் தொடையில் இதே கலவையில் செய்யலாம். தாக் புல்கோகி என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. நெஞ்சுப் பகுதி வேண்டாம், வறண்டுவிடும். லெட்டூஸ் இலையில் ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் சோறு, தொயென்ஜாங்கும் கொச்சுஜாங்கும் கலந்த விழுது சிறிது வைத்து, மடித்து ஒரே வாயாகப் போட்டுக்கொள்வதுதான் முறை.

பிபிம்பாப், அதாவது சோற்றின் மேல் காய்களை அடுக்கிப் பிசைந்து உண்பது, எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடினமான வேலை எதுவும் இல்லை, ஆனால் ஐந்தாறு சிறு வேலைகளைத் தனித்தனியே செய்ய வேண்டும். எல்லாக் காய்களையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிச் சோற்றின் மேல் கொட்டினால் அது பிபிம்பாப் ஆகாது. பசலைக்கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, குளிர்நீரில் அலசி, இறுகப் பிழிந்து, கான்ஜாங், பூண்டு, சம்கிரும் சேர்த்துப் பிசற வேண்டும். சோயா முளையை வேகவைக்கும்போது மூடியை முதலிலிருந்து கடைசிவரை மூடியே வைக்க வேண்டும், அல்லது முதலிலிருந்தே திறந்து வைக்க வேண்டும். நடுவில் திறந்து பார்த்தால் பச்சை வாடை தங்கிவிடும் என்பது அங்குள்ள ஒவ்வொரு தாயும் சொல்லும் எச்சரிக்கை. நம்மிடம் எளிதில் கிடைக்கும் பச்சைப்பயறு முளைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். காரட், சுரைக்காய், காளான் ஆகியவற்றை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக அதே சட்டியில் உப்புப் போட்டு வதக்கினால் சட்டியை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியதில்லை. கொச்சுஜாங்குக்கு உரிய இடம் இதுதான்: இரண்டு மேசைக்கரண்டி விழுதில் ஒரு மேசைக்கரண்டி சம்கிரும், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், சில துளி வினிகர். ஆளுக்கு ஒரு கரண்டி போதும். காய்களில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

பிபிம்பாப் என்றதும் எல்லோரும் ஜொன்ஜு நகரைச் சொல்வார்கள். 2012-இல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரங்களில் ஒன்றாகச் சேர்ந்த ஊர் அது. அங்கே சோற்றை எலும்புச் சாறில் வேகவைத்து, மஞ்சள் நிறப் பயற்றங்கூழ்த் துண்டும் பச்சை மாட்டிறைச்சிக் கீற்றும் வைப்பார்கள். ஆந்தோங்கில் நீத்தார் படையலிலிருந்து வளர்ந்த வகையில் கொச்சுஜாங்கே கிடையாது, கான்ஜாங் ஊற்றித்தான் பிசைவார்கள். காரம் ஆகாத குழந்தைகளுக்கு நான் இந்த வகையைத்தான் செய்கிறேன். சூடான கற்சட்டியில் பரிமாறும் தோல்சொட் வகைக்கு, வீட்டில் பழக்கிய மாக்கல் சட்டி இருந்தால் அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை; உள்ளே சம்கிரும் தடவி, சோற்றைப் பரப்பி, காய்களை அடுக்கி, சிறு தீயில் சோறு படபடவென்று வெடிக்கும் ஒலி கேட்கும்வரை வைத்தால் அடியில் பொன்னிறக் காந்தல் படியும். அதற்கு நுருங்ஜி என்று பெயர். அதற்காகவே சண்டை நடக்கும். சட்டியை வெறுமையாகச் சூடேற்றாதீர்கள், விரிசல் விடும்.

தாக்பொக்கும்தாங் என்பது கோழியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த காரக் குழம்பு. இதற்கு ஒரு பெயர்ச்சண்டையும் உண்டு: முன்பு எல்லோரும் தாக்தோரிதாங் என்று சொல்லிவந்ததில் ‘தோரி’ என்பது பறவையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் என்று கருதி, தேசிய கொரிய மொழி நிறுவனம் புதுப் பெயரைப் பரிந்துரைத்தது, அது தூய கொரியச் சொல்தான் என்று மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சமையலில் நாம் கவனிக்க வேண்டியது, இதில் வதக்கலே இல்லை என்பது. எலும்போடு கூடிய ஒரு கிலோ கோழித் துண்டுகளைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து அலசிவிடுங்கள். நுரையும் வாடையும் நீங்கிச் சாறு தெளிவாகும். நான்கு மேசைக்கரண்டி கொச்சுகாரு, ஒன்றரை மேசைக்கரண்டி கொச்சுஜாங், நான்கு மேசைக்கரண்டி கான்ஜாங், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி பூண்டு, சிறிது இஞ்சி ஆகியவற்றைக் கலந்து, அதில் முக்கால் பங்கோடும் மூன்று கோப்பைத் தண்ணீரோடும் கோழியைப் பதினைந்து நிமிடம் வேகவைத்து, பெரிய துண்டுகளாக வெட்டிய மூன்று உருளைக்கிழங்கு, ஒரு காரட், ஒரு வெங்காயம், மீதிக் கலவை சேர்த்து இன்னும் இருபது நிமிடம் வையுங்கள். கடைசி எட்டு நிமிடம் மூடியைத் திறந்து சாற்றைச் சுண்டவிடுங்கள். கொச்சுகாருவின் அளவு கொச்சுஜாங்கைவிட இரு மடங்குக்கும் மேல் இருப்பதைக் கவனித்தீர்களா? நிறமும் காரமும் தூளிலிருந்து வர, விழுது கனத்துக்கு மட்டும் வருகிறது. உங்கள் சமையலில் இந்த விகிதம் தலைகீழாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஜாப்ச்சேயையும் சம்கியேதாங்கையும் இந்த ஐந்தும் கைவந்த பிறகு செய்யலாம். ஜாப்ச்சேக்கு வேண்டியது சர்க்கரைவள்ளி மாவில் செய்த தாங்மியோன் நூடுல்ஸ். ஏழு நிமிடம் வேகவைத்து, வடித்தவுடன் கான்ஜாங்கும் சம்கிருமும் சேர்த்துப் பிசறிவிட்டால் ஒட்டாது, காய்களைப் பிபிம்பாப் போலவே தனித்தனியே வதக்கிக் கலக்க வேண்டும். சம்கியேதாங் என்பது குஞ்சுக் கோழியின் வயிற்றில் ஊறவைத்த பசையரிசி, பூண்டு, சீமை இலந்தை, ஜின்செங் ஆகியவற்றை வைத்துத் தைத்து ஒரு மணி நேரம் வேகவைப்பது. ‘இயோல் சியோல்’, வெப்பத்தை வெப்பத்தால் ஆள்வது என்ற வழக்குப்படி, கோடையின் உச்சத்தில் வரும் மூன்று போக் நாள்களில் இதைத் தேடிப் போய்ச் சாப்பிடுவார்கள். காரச் சாற்றில் அரிசி மாவுத் துண்டுகளைப் போட்டுச் செய்யும் தொக்பொக்கி பற்றியும் கேட்டிருந்தீர்கள்; அது அங்கே தின்பண்டமாகக் கொள்ளப்படுவது, சோற்றுக்குத் துணையாக வருவதன்று என்பதால் விட்டுவிடுகிறேன்.

சைவ வீடுகளைப் பொறுத்தவரை, கொரியப் பௌத்த மடங்களின் சமையல் நூற்றாண்டுகளாக இறைச்சியும் மீனும் இல்லாமலே வளர்ந்திருப்பதால் வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. நெத்திலிக்குப் பதிலாகக் காய்ந்த ஷிடாகே காளான் நான்கைக் கடற்பாசியோடு கொதிக்கவைத்தால் சாறு கிடைக்கும். கிம்ச்சியில் மீன் சாற்றுக்குப் பதிலாகக் கான்ஜாங் சேர்க்கலாம். பிபிம்பாப்பும் தொயென்ஜாங் ஜிகேயும் எந்தக் குறையும் இல்லாமல் அமையும். மடத்துச் சமையலில் பூண்டு, வெங்காயத்தாள் உள்ளிட்ட ஐந்து காரப் பொருள்கள் விலக்கு. அந்த ஐந்தில் ஒன்றான ஹுங்கோ, நம் பெருங்காயம். பூண்டுக்குப் பதிலாகப் பெருங்காயம் போடும் நம் மடைப்பள்ளிகள் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ! கடையில் கிம்ச்சி வாங்கும் சைவர்கள் மீன் சாறும் இறால் உப்புக்கண்டமும் சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் படித்துவிட்டே வாங்க வேண்டும், பெரும்பாலானவற்றில் சேர்ந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள் கொச்சுஜாங், கான்ஜாங் உறைகளையும் அவ்வாறே பார்க்க வேண்டும். கடைச் சரக்குகள் பலவற்றில் கோதுமை உண்டு.